வாங்குவது ஞாயிற்றுக்கிழமை, சமைப்பது புதன்கிழமை: வேலைக்குப் போகும் வீட்டில் மளிகைச் செலவைக் குறைப்பது எப்படி?

ஒரு சனிக்கிழமை ராத்திரி ஃபிரிட்ஜின் அடித்தட்டைச் சுத்தம் செய்தேன். மஞ்சளாகிப்போன ஒரு கட்டு சிறுகீரை. பைக்குள்ளேயே தண்ணீர் விட்டுக் குழைந்த கொத்தமல்லி. தொட்டால் வழவழவென்று இருந்த அரை மூடித் தேங்காய். ஒரு டப்பாவில் செவ்வாய்க்கிழமை சாம்பார். இன்னொரு டப்பாவைத் திறந்து பார்த்தும் உள்ளே இருந்தது என்னவென்று தெரியவில்லை. அன்று காலையில்தான் காய்க்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்காகப் பத்து நிமிடம் பேரம் பேசிவிட்டு வந்திருந்தேன்.

நாங்கள் இருப்பது திருச்சியில். நான், கணவர், அத்தை, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறோம். விலைவாசிதான் எங்கள் பணத்தைத் தின்கிறது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான். மீதிப் பாதிக்குக் காரணம் நான்தான். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறவள் நல்ல உற்சாகத்தில் இருப்பாள். வாழைப்பூ, பிடிகருணை, இரண்டு வகைக் கீரை என்று பையை நிரப்புவாள். புதன்கிழமை ராத்திரி ஏழரைக்கு வீட்டுக்குள் நுழைகிறவள் வேறு ஆள். அவளுக்கு வாழைப்பூவில் கள்ளன் எடுக்கப் பொறுமை கிடையாது. தோசைக்கல்லைப் போடுவாள், இல்லையென்றால் போனை எடுத்து பிரியாணி ஆர்டர் செய்வாள். வாழைப்பூ கறுத்துக் குப்பைக்குப் போகும். காசு இரண்டு தடவை போகிறது.

புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்களுக்கும், ரொம்ப நாளாக நடத்தியும் மாதக் கடைசியில் கையைப் பிசைகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம், முடியவும் முடியாது. வரிசையாக ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள்

சிக்கனமாக இருக்கப் போகிறேன் என்று முதல் நாளே சபதம் எடுத்தால் எட்டாம் நாள் விட்டுப்போகும். முதலில் வெறும் கணக்கு மட்டும் எழுதுங்கள். ஒரு தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, நூலில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். கொட்டியது என்ன, அது தோராயமாக எத்தனை ரூபாய், ஏன் கொட்டினோம் என்று மூன்று விஷயம் எழுதினால் போதும்.

மூன்றாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இருப்பதை மறந்து மறுபடி வாங்கியது, அதிகமாகச் சமைத்தது, வைத்த விதம் சரியில்லாதது, யாருக்கும் பிடிக்காதது என்று காரணம் பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அதிகமாகச் சமைக்கிற வீட்டில் காயை எவ்வளவு அழகாகப் பதப்படுத்தி வைத்தாலும் சாம்பார் மிஞ்சத்தான் செய்யும்.

அத்தைக்கு இந்தத் தாள் பிடிக்கவே இல்லை. "ஏம்மா, கொட்டுறதைக் கொட்டிட்டு அதை எழுதி வேற ஒட்டணுமா? வீட்டுக்கு வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றார். சரி அத்தை என்று தாளை மளிகை அலமாரிக் கதவின் உள்பக்கத்துக்கு மாற்றினேன். இரண்டு வாரத்தில் சேர்ந்த கணக்கு எழுநூறு ரூபாயைத் தாண்டியது. கீரையும் கொத்தமல்லியும் முதலிடத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இருந்தன. எதிர்பார்க்காதது பிள்ளைகளின் டிபன் பாக்ஸ். தினமும் ஒரு கைப்பிடி சாதம் திரும்பி வந்துகொண்டிருந்தது. விசாரித்தால், சாப்பிடக் கிடைக்கிற நேரம் போதவில்லை என்றான் பெரியவன். அளவைக் குறைத்து, கூட இரண்டு துண்டு பழம் வைத்தேன். டப்பா காலியாக வர ஆரம்பித்தது.

இது நம் வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, இந்திய வீடுகளில் ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 55 கிலோ உணவு வீணாகிறது என்று மதிப்பிடுகிறது. தோல், கொட்டை, எலும்பு எல்லாம் அதில் சேர்த்தி. அப்படியே இருந்தாலும் ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டுக்கு 275 கிலோ ஆகிறது, அதாவது 25 கிலோ அரிசி மூட்டை பதினொன்றின் எடை.

கொட்டியதை எழுதும்போதே வாங்கியதையும் பாருங்கள். தனியாக நோட்டுப் போட வேண்டாம். ஜிபே, போன்பே கணக்கைத் திறந்தால் எந்தக் கடைக்கு எத்தனை தடவை போனோம் என்று அதுவே சொல்லிவிடும். மத்திய அரசின் 2023-24 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகரத்துக் குடும்பங்கள் செலவழிக்கும் 100 ரூபாயில் கிட்டத்தட்ட 40 ரூபாய் உணவுக்குப் போகிறது. அதில் 11 ரூபாய் பானங்கள், நொறுக்குத் தீனி, கடையில் சமைத்து விற்பது ஆகியவற்றுக்கு. பாலுக்கே 7 ரூபாய் சொச்சம்தான். எங்கள் கணக்கிலும் அதே கதை. மளிகைக் கடையில் கடுகு, சீரகத்துக்குக் கணக்குப் பார்த்த பணமெல்லாம் வாரம் நடுவே வாங்கிய பஃப்ஸிலும் ஜூஸிலும் போயிருந்தது.

கடைக்குக் கிளம்பும் முன்

வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்று வாருங்கள். முதல் தடவை நான் சுற்றியபோது மூன்று பாக்கெட் கடுகு கிடைத்தது. தாளிப்பதைக் குறைக்காவிட்டாலும் ஒன்றரை வருடத்துக்கு வரும். இப்போது கிளம்பும் முன் ஃபிரிட்ஜையும் அலமாரியையும் போனில் இரண்டு படம் எடுத்துக்கொள்கிறேன். கடையில் நின்றுகொண்டு "வெந்தயம் இருக்கா, இல்லையா?" என்று வீட்டுக்குப் போன் போடும் வேலை மிச்சம்.

ஃபிரிட்ஜில் கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டில் ஒரு சின்ன டிரே வையுங்கள். பாதி நறுக்கிய வெங்காயம், உடைத்த தேங்காய், நேற்றைய பொரியல், ஓரம் பழுத்த தக்காளி எல்லாம் அதில்தான் இருக்க வேண்டும். சமைக்கப் போகிறவர் முதலில் இந்த டிரேயைப் பார்த்துவிட்டுத்தான் கீழ்த்தட்டைத் திறக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் சொல்லப்போகும் எல்லாவற்றிலும் குறைந்த உழைப்பு இதற்குத்தான். பலன் அதிகம்.

புதன்கிழமைக்காரிக்கு ஒரு மெனு

வாரத்துக்கு இருபத்தோரு வேளைக்கும் மெனு போட்டு ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். எங்களுக்கு அது இரண்டு வாரத்துக்கு மேல் ஓடவில்லை. இப்போது ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும், ஐந்து நாளைக்கு மட்டும் யோசிக்கிறோம். அதிலும் என்ன சமைப்பது என்பதைவிட எந்தக் காய் முதலில் கெடும் என்பதுதான் கணக்கு.

ஞாயிறு காலையில் காய் வந்தால் அன்றும் திங்களும் கீரை, காளான், வாழைப்பூ மாதிரி நாள் தாங்காதவை. செவ்வாய், புதனில் வெண்டை, கத்தரி, பீன்ஸ், அவரை. கேரட், கோஸ், பூசணி, சேனை, உருளை எல்லாம் சொன்னபடி கேட்கும், அவற்றை வியாழனுக்குத் தள்ளலாம். வெள்ளிக்கிழமை காலி பண்ணும் நாள். மிஞ்சிய ஒரு கத்தரிக்காய், அரை முருங்கைக்காய், நாலு பீன்ஸ் எல்லாம் சேர்த்து குக்கரில் சாம்பார் சாதமோ கூட்டாஞ்சோறோ வைத்துவிடுவோம். அன்றைக்கு என்ன ருசி வரும் என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.

நடுவாரத்தில் ரொம்பவும் முடியாத ஒரு ராத்திரி கண்டிப்பாக வரும். அது வராது என்று நினைத்துத் திட்டம் போட்டதுதான் என் பழைய தப்பு. அதற்கென்று ஒரு அலமாரித் தட்டை ஒதுக்குங்கள். வறுத்த ரவை, சேமியா, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, அப்பளம், முட்டை. கால் மணி நேரத்தில் சாப்பாடு தட்டுக்கு வந்துவிடும். வெளியே ஆர்டர் செய்தால் அது வந்து சேரவே அரை மணி ஆகிறது. வாரத்துக்கு ஒரு ஆர்டர் தவறினாலே மாதக் கணக்கில் தெரியும். காய்க்காரம்மாவிடம் வருடம் முழுக்கப் பேரம் பேசினாலும் அந்தப் பணம் மிஞ்சாது.

எதை எங்கே வாங்குவது

மளிகை மாதம் ஒரு தடவை, காய் வாரம் இரண்டு தடவை, பால் தினமும். இந்த அளவுக்குப் பிரித்துக்கொண்டால் போதும். வாரத்துக்கு நாலு தடவை கடைக்குப் போனால் நாலு தடவையும் பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று பையில் ஏறும்.

காய்க்கு உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் அதை விடாதீர்கள். 1999 நவம்பரில் மதுரையில் முதல் சந்தை தொடங்கியது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயிகளே அடையாள அட்டையோடு உட்கார்ந்து விற்கும் ஏற்பாடு. மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, வெளிச் சில்லறை விலைக்குக் கீழே என்று தினமும் காலையில் விலை நிர்ணயித்து போர்டில் எழுதுவார்கள். எங்களுக்கு தென்னூர் அண்ணா நகர் உழவர் சந்தை. காலை ஆறரைக்குள் போனால்தான் கீரை கீரையாக இருக்கும். போகவே நேரமில்லை என்றால் ஒரு வேலை செய்யலாம். ஏதாவது ஒரு நாள் போய் விலைப் பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் தெருக்கடையில் எது நியாயமான விலை என்று தெரிந்துவிடும்.

அரிசியில் ஒரு சின்ன விஷயம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு அந்த வரி இல்லை. கடைகளில் திடீரென்று 26 கிலோ மூட்டை முளைத்த காரணம் இதுதான். வாங்கும்போது மூட்டை விலையைக் கேட்டு நிறுத்தாமல், கிலோவுக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள். இரண்டே பேர் உள்ள வீடு என்றால் வரி மிச்சமென்று மூட்டை வாங்கி வண்டுக்குப் பாதி கொடுக்காதீர்கள். பத்து கிலோ பை போதும்.

பாக்கெட் சாமான்களில் எம்ஆர்பிக்குப் பக்கத்திலேயே ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு எத்தனை என்றும் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். அதைப் படிக்கப் பழகுங்கள். எடுத்துக்காட்டுக்கு, 200 கிராம் 96 ரூபாய், 500 கிராம் 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சின்னது கிராமுக்கு 48 காசு, பெரியது 50 காசு. பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்று கையை நீட்டுகிறவர்களுக்கென்றே சில பெரிய பாக்கெட்டுகள் இருக்கின்றன.

ரேஷன் கார்டை முகவரிச் சான்றுக்கு மட்டும் வைத்திருப்பவர்கள் நம்மில் அதிகம். அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். சிறப்புத் திட்டத்தில் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். வெளியே பருப்பு விலை தெரிந்தவர்களுக்கு நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. ரேஷன் பச்சரிசியும் புழுங்கலும் இட்லிக்கும் இடியாப்ப மாவுக்கும் எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் ஓடுகிறது என்று அத்தைக்குத் தெரியும்.

பால் விஷயத்தில் நிறத்தைப் பாருங்கள். ஆவினில் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. விலையும் அதே வரிசையில் ஏறும். டீக்கும் தயிருக்கும் எங்களுக்கு நீலமே போதுமாக இருக்கிறது. பாயசம் வைக்கிற நாளில் மட்டும் ஆரஞ்சு.

அப்புறம் காலம். மாசி, பங்குனியில் புதுப் புளி வரும். அப்போதே வருடத்துக்கு வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு அடைத்துவிடுங்கள். மிளகாய், மல்லி வாங்கி வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்துக்கொண்டால் பாக்கெட் தூளைவிட மலிவு, மணமும் கூட. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடை. கடல் மீன் விலை ஏறும், நாங்கள் டேம் மீனுக்கும் முட்டைக்கும் மாறிவிடுவோம். புரட்டாசியில் பாதி ஊர் சைவம் என்பதால் கோழி விலை பொதுவாக இறங்கும், காய் ஏறும். விரதம் இல்லாத வீடுகளுக்கு அது நல்ல மாதம். தக்காளியை நம்பவே முடியாது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்றது. விலை சரிகிற வாரத்தில் மூன்று கிலோ வாங்கி, புளி, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் விட்டு எண்ணெய் பிரியும் வரை வதக்கித் தொக்கு போட்டுவிடுங்கள்.

பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் ஆப்களைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. அவசரத்துக்கு நல்லது. ஆனால் கூடையில் போட்டதை உடனே ஆர்டர் செய்யாமல் காலை வரை விட்டுப் பாருங்கள். பாதி தானாகவே தேவையில்லாமல் போகும். டெலிவரி இலவசமாக வேண்டுமென்று நூறு ரூபாய்க்கு பிஸ்கட் சேர்ப்பது எந்தக் கணக்கிலும் லாபம் இல்லை.

பையை இறக்கிய முதல் ஒரு மணி நேரம்

வீணாவதில் பெரும் பங்கு இந்த ஒரு மணி நேரத்தில் தீர்மானமாகிறது. பையை அப்படியே ஃபிரிட்ஜுக்குள் திணித்துவிட்டு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் அந்த அப்புறம் அடுத்த சனிக்கிழமைதான் வரும்.

ஈரம்தான் எதிரி. சந்தையில் தண்ணீர் தெளித்துத்தான் விற்பார்கள். அதனால் எதையும் கழுவி வைக்காதீர்கள், உலர்த்தி வையுங்கள். கணவரின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து அத்தை ஏழெட்டுச் சுருக்குப்பை தைத்துக் கொடுத்தார். கொத்தமல்லிக்கு வேரை நறுக்கி, அழுகிய இலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் பரப்பி, பிறகு பையில் போட்டு டப்பாவில் வைக்கிறோம். முன்பு மூன்று நாள் வந்தது இப்போது பத்து நாளைத் தாண்டுகிறது. கறிவேப்பிலையை உருவி அதே மாதிரி வைக்கலாம். நிறைய இருந்தால் நிழலில் காயவைத்துப் பொடி. பச்சை மிளகாய்க்குக் காம்பைக் கிள்ளிவிட வேண்டும், அழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. வெண்டைக்காயைத் துணியில் துடைத்து வைத்தால் வழவழப்பு வராது.

முருங்கைக்கீரையை உருவ நேரமில்லை என்றுதான் பல வீடுகளில் வாங்குவதே இல்லை. ராத்திரி ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் உதறினால் இலை தானாகக் கொட்டும், குச்சியைப் பொறுக்கினால் முடிந்தது. மற்ற கீரைகளை டிவி பார்க்கும்போது ஆய்ந்து வைக்கலாம். ஆயாத கீரையைப் புதன்கிழமைக்காரி தொடவே மாட்டாள்.

தேங்காயை உடைத்தால் கண் உள்ள மூடியை முதலில் பயன்படுத்துங்கள். அதுதான் சீக்கிரம் கெடும். இரண்டு மூடியும் இரண்டு நாளில் தீராது என்று தெரிந்தால் துருவி, சின்னச் சின்னப் பொட்டலமாக ஃபிரீசரில் போட்டுவிடலாம். எங்கள் வீட்டில் தேங்காய் கெட்டுப்போவது அதோடு நின்றது.

வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள், உருளை முளைவிடும், வெங்காயம் நசநசக்கும். இரண்டுக்கும் காற்று வேண்டும், ஃபிரிட்ஜ் வேண்டாம். சின்ன வெங்காயத்தை முறத்தில் பரப்பி வையுங்கள். பழுக்காத தக்காளி வெளியே, பழுத்தது உள்ளே. வாழைப்பழத்தை மற்ற பழங்களோடு வைத்தால் அவற்றையும் சேர்த்துப் பழுக்க வைக்கும், தனியாகத் தொங்கவிடுங்கள்.

மாதச் சாமான் வந்ததும் ரவையை வறுத்து ஆறவைத்து அடைத்துவிட வேண்டும். பருப்பு டப்பாவில் நாலு காய்ந்த மிளகாய், அரிசியில் காய்ந்த வேப்பிலை. பழசு தீரும் முன் புதுசை அதன் மேலேயே கொட்டாதீர்கள். அடியில் கிடப்பதில் ஒரு வண்டு இருந்தாலும் டப்பா முழுக்கப் போய்விடும். கறிக்கடையில் வாங்கியதை ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்துத்தான் ஃபிரீசரில் வைக்க வேண்டும். ஒரு கிலோவும் ஒரே கட்டியாக உறைந்தால் அரைக் கிலோ வேண்டியபோதும் முழுவதையும் உருக்கியாக வேண்டும், உருகியதை மறுபடி உறைய வைப்பது நல்லதில்லை.

பாக்கெட்டில் உள்ள தேதியைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்கு: "பெஸ்ட் பிஃபோர்" என்றால் அந்தத் தேதி வரை தரம் முழுசாக இருக்கும் என்று பொருள். சரியாக மூடி வைத்த சேமியா அதற்கு மறுநாள் விஷமாகிவிடாது. முகர்ந்து, பார்த்து முடிவு செய்யலாம். "யூஸ் பை" அல்லது "எக்ஸ்பைரி" என்றிருந்தால் பேச்சே இல்லை, தூக்கிப் போடுங்கள்.

மாவு ஒரு வாரக் கதை

பாக்கெட் மாவு வாங்குவதில் தப்பில்லை, நாங்களும் சில வாரம் வாங்குகிறோம். ஆனால் ஒரு கிலோ இட்லி அரிசிக்கும் கால் கிலோ உளுந்துக்கும் தண்ணீரோடு சேர்த்து ஏறக்குறைய மூன்று கிலோ மாவு கிடைக்கும். உங்கள் ஊரில் மூன்று பாக்கெட் என்ன விலை என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சனிக்கிழமை ஊறப்போட்டு அரைத்து, புளித்ததும் இரண்டு பாத்திரமாகப் பிரிக்கிறேன். ஒன்று உடனே எடுக்க. மற்றது ஃபிரிட்ஜின் உள்மூலையில், திறக்காமல்.

முதல் இரண்டு நாள் இட்லி. மூன்றாம் நாளிலிருந்து தோசை. கொஞ்சம் புளிப்பு ஏறினால் வெங்காயம் தூவி ஊத்தப்பம். நல்லா புளித்தால் குழிப்பணியாரம், கொஞ்சம் ரவையும் தேங்காய்ப் பல்லும் சேர்த்து. அன்றைக்குத்தான் சின்னவள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். நிறம் மாறியோ பூசணம் பூத்தோ இருந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

சோறு, குழம்பு, மிச்சம்

சோறு மிஞ்சுவதற்குப் பெரும்பாலும் கை அளவுதான் காரணம். டம்ளரில் அளந்து போட்டு, எத்தனை டம்ளருக்கு எவ்வளவு மிஞ்சியது என்று ஒரு வாரம் பாருங்கள். எங்களுக்கு ராத்திரிக்கு அரை டம்ளர் குறைத்தும் யாரும் பசியோடு எழுந்திருக்கவில்லை.

மிஞ்சியதை வைக்கிற விதத்தில் அலட்சியம் வேண்டாம். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். நம் ஊர் வெயில் காலத்தில் அதற்கும் முன்பே. ஆறிய சோற்றில் வளரும் ஒரு பாக்டீரியா விடும் நச்சு, திரும்பச் சுடவைத்தாலும் போகாது. பெரிய பாத்திரத்தோடு உள்ளே தள்ளினால் நடுவில் சூடு நிற்கும், அகலமான டப்பாக்களில் பரப்பி வையுங்கள். டப்பா மேல் ஒரு துண்டு டேப்பில் கிழமை எழுதுங்கள். தேதி வேண்டாம், "செவ்வாய்" என்று எழுதினாலே போதும். மூன்று நாளைத் தாண்டினால் ஆசைப்படாதீர்கள். எடுத்தால் கொதிக்கக் கொதிக்கச் சுடவைக்க வேண்டும், அதுவும் ஒரே தடவை, வேண்டிய அளவு மட்டும்.

மிச்சத்தை மிச்சமாகவே பரிமாறினால் யாரும் தொட மாட்டார்கள். உருவத்தை மாற்றுங்கள். இட்லி உப்புமாவாகும். சப்பாத்தியைக் கிழித்து வெங்காயம், முட்டையோடு கொத்தலாம். பொரியலைத் தோசைக்குள் வைத்து மடித்தால் பிள்ளைகளுக்கு அது மசால் தோசை. புளித்த தயிர் மோர்க்குழம்புக்கென்றே இருக்கிறது. பால் காய்ச்சும்போது திரிந்துவிட்டால், வாடை இல்லையென்றால், வடிகட்டி பனீர்.

தோல், தண்டு விஷயத்தில் நம் பாட்டிகள் சொல்லாத எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. பீர்க்கங்காய்த் தோலில் துவையல், வாழைக்காய்த் தோலில் பொரியல், முள்ளங்கி இலையில் கூட்டு, கொத்தமல்லித் தண்டு ரசத்துக்கு. ஒன்றே ஒன்று: தோலைச் சமைப்பதென்றால் காயை உப்புத் தண்ணீரில் நன்றாக அலசிக்கொள்ளுங்கள். நேரமில்லாத வாரத்தில் இதையெல்லாம் செய்யவில்லை என்று மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளவும் வேண்டாம். தோல் உரத்தொட்டிக்குப் போகட்டும், மாடியில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறது.

ஊரிலிருந்து மூட்டை வந்தால்

எந்தத் திட்டத்தையும் கவிழ்க்கக்கூடியது இது. திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு தார் பூவன், பத்துத் தேங்காய், ஒரு கோணி முருங்கைக்காயோடு வந்து இறங்குவார். வேண்டாம் என்று சொல்ல முடியாது. இலவசம்தானே என்று வைத்துக்கொண்டால் மூன்றாம் நாள் வீடு முழுக்கக் கொசுவும் பழ வாடையும்.

எங்கள் வழக்கம்: வந்த அன்றைக்கே, பழம் காயாக இருக்கும்போதே, நமக்கு வேண்டியதை எடுத்துவிட்டு மீதியைப் பிரித்துக் கொடுத்துவிடுவது. பழுத்த பிறகு கொடுத்தால் அவர்கள் வீட்டிலும் கெடும். முருங்கைக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கி இரண்டு பொட்டலம் ஃபிரீசரில். தேங்காய் உரிக்காமல் கிடந்தால் நாள் தாங்கும், அவசரமில்லை.

போன மாதம் அப்படித்தான் எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு டப்பாவில் பணியாரமும் கூடவே இரண்டு சீப்பு பழமும் கொடுத்தனுப்பினேன். எங்கள் தெருவில் யாரும் டப்பாவை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். இரண்டு நாள் கழித்து வாய் முட்ட மாங்காய்ப் பச்சடியோடு வந்தது. அத்தை அதை வாங்கி, மூடி மேல் டேப் ஒட்டி, "வெள்ளி" என்று எழுதி டிரேயில் வைத்தார்.